மெனாமினிக் காடு: வெட்டியும் குறையாத ஒரு பழங்குடி வனத்தின் வரலாறு

பழங்குடியினர் வாழும் காடுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றன. காட்டைத் தொடாமல் விடுவதே அதனைக் காக்கும் வழி என்பர் ஒரு சாரார். அரசு அறிவியல் முறைப்படி வெட்டி, அரசே மீண்டும் நட்டு வளர்ப்பதே வனமேலாண்மை என்பர் மறுசாரார். தம்முள் மாறுபட்ட இவ்விரு தரப்பினரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். எந்த மரத்தை எப்போது வெட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை காட்டில் வாழ்வோர்க்கு இல்லை என்பதே அது. தேனும் கிழங்கும் கடுக்காயும் அவர்களுக்கு. மரம் பிறர்க்கு என்னும் பிரிவினை இயல்பானதாகவே கொள்ளப்பட்டுவிட்டது.

இப்பிரிவினைக்கு மாறான வரலாறு ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் மெனாமினிப் பழங்குடியினர் தம் காட்டில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக மரம் வெட்டி விற்றுவருகின்றனர். 1854இல் அக்காடு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டபோது அதில் நின்ற மரத்தின் அளவு 120 கோடிப் பலகையடிக்கும் 150 கோடிப் பலகையடிக்கும் இடைப்பட்டது என மதிப்பிடுவர். ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓரங்குலக் கனமும் உடைய பலகையே ஒரு பலகையடி; அமெரிக்க மரவணிகத்தின் அளவை அது. அன்று தொட்டு வெட்டி வெளியேற்றிய மரம் 225 கோடிப் பலகையடிக்கும் மிகுதி. ஆயினும் அக்காட்டில் நிற்கும் மரம் பின்னர் ஏறத்தாழ 170 கோடிப் பலகையடி எனக் கணக்கிடப்பட்டுள்ளது. முதலில் இருந்த முழுக்காட்டையும் விட மிகுதியாக வெட்டிய பின்னரும் முதல் கையிருப்பைவிட மிகுதியாக எஞ்சியுள்ளது என்பது இதன் பொருள். இது எங்ஙனம் இயன்றது என்பதனையும், இடையே எப்போதெல்லாம் இது முறிந்தது என்பதனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்பந்தங்களுக்குப் பின் எஞ்சியது

மெனாமினியர் அல்கோன்கின் மொழிக்குடும்பத்தைச் சார்ந்தோர். நீர்நெல் மக்கள் என்னும் பொருளில் அண்டைக் குடியினர் வழங்கிய பெயரே அவர்க்கு நிலைத்தது. ஏரிகளின் ஆழமற்ற ஓரங்களில் தானே விளையும் அந்நெல், மேப்பிள் மரத்தின் இனிய பால், ஊல்ஃப் ஆற்றில் இளவேனிலில் எதிரேறி வரும் ஸ்டர்ஜன் என்னும் பெருமீன், மான் ஆகியவையே அவர்தம் வாழ்வின் அடிப்படை. ஒரு காலத்தில் அவர்கள் வழங்கிய நிலப்பரப்பு ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் ஆகும்.

அந்நிலம் ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கைமாறியது. 1836ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கர் சென்றது. 1848இல் எஞ்சிய நிலம் முழுவதையும் விட்டு மேற்கே மினசோட்டாவிலுள்ள குரோ விங் ஆற்றுப்பகுதிக்குக் குடிபெயரவேண்டும் என்னும் ஒப்பந்தத்தில் அவர்கள் கையொப்பமிட நேர்ந்தது. தலைவர் ஓஷ்காஷ் குழுவினருடன் சென்று அந்நிலத்தைப் பார்த்தார். அது தம் மக்களுக்கு ஏற்றதன்று என மறுத்தார். வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் ஃபில்மோரிடம் முறையிட்டார். குடிபெயர்வு தள்ளிப்போடப்பட்டது. இறுதியில் 1854ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஊல்ஃப் ஆற்றின் மேற்பகுதியில் நிலம் ஒதுக்கப்பட்டது. 1856இல் அதிலும் ஒரு பகுதி வேறு பழங்குடியினர்க்குப் பிரிக்கப்பட்டபின் எஞ்சியது ஏறத்தாழ 2,35,000 ஏக்கர். ஓஷ்காஷ் 1858இல் மறைந்தார்.

வேளாண்மைக்கு உதவாத மண் எனக் கருதியே அரசு அந்நிலத்தை அவர்களுக்கு விட்டது. அதில் நின்ற வெள்ளைப் பைன் மரத்தின் விலை அடுத்த இருபது ஆண்டுகளில்தான் எல்லார்க்கும் புலப்பட்டது. சிகாகோ முதலிய நகரங்கள் மரத்தாலேயே எழுந்துகொண்டிருந்த காலம் அது. வட விஸ்கான்சினின் பைன் காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மொட்டையடிக்கப்பட்டன. கிளைகளும் செத்தைகளும் தரையில் விடப்பட்டன. 1871 அக்டோபர் 8 அன்று மெனாமினி நிலத்துக்குக் கிழக்கே பெஷ்டிகோ என்னும் ஊரில் பற்றிய தீ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வறட்சியும் காற்றும் காரணமாயினும், அத்தீக்கு உணவாகியவை மரம் வெட்டியோரும் நிலம் திருத்தியோரும் விட்டுச்சென்ற குப்பைகளே.

நிற்கும் மரமும் விழுந்த மரமும்

இச்சூழலில் மெனாமினியர் 1870களின் தொடக்கத்தில் அரசின் இசைவுடன் தாமே மரம் வெட்டி விற்கத் தலைப்பட்டனர். அம்முயற்சிக்குத் தடையாக வந்தது, அவர்கள் தரப்பினராகவே இல்லாத ஒரு வழக்கு. அதே மாநிலத்தில் வாழ்ந்த ஒனைடா பழங்குடியினர் சிலர் வெட்டி விற்ற மரத்தைப் பற்றி எழுந்த அமெரிக்க அரசு எதிர் குக் என்னும் அவ்வழக்கில், 1870களின் நடுவில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழங்குடியினர்க்கு நிலத்தில் உள்ளது குடியிருப்புரிமை மட்டுமே. நிற்கும் மரம் நிலத்தின் பகுதி. ஆதலின் அது அரசுக்கு உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். உழவுக்காக நிலத்தைத் திருத்தும்போது வெட்டப்படும் மரத்தை விற்கலாம், விற்பதற்கென்றே வெட்டலாகாது.

இத்தீர்ப்பின் உள்முரண் கருதத்தக்கது. காட்டை முற்றும் அழித்து வயலாக்குபவன் அம்மரத்தை விற்கலாம். காட்டைக் காடாகவே வைத்துக்கொண்டு முதிர்ந்த மரத்தை மட்டும் எடுப்பவன் குற்றவாளியாகிறான். அழிப்போர்க்கு உரிமையும் காப்போர்க்குத் தடையும் வழங்கிய இச்சட்டநிலை அமெரிக்காவில் நெடுங்காலம் நீடித்தது. ஒதுக்கீட்டு நிலத்து மரம் பழங்குடியினர்க்கே உரிய சொத்து என 1938இல் ஷோஷோனி வழக்கில்தான் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கவும் மீட்டுருவாக்கவும் மேலாளவும் கிராம சபைக்கு உரிமை வழங்கிற்று; எனினும் அச்சட்டத்தில் உடைமையாகத் தரப்பட்ட 'சிறு வனப்பொருள்' என்பதன் வரையறைக்குள் மூங்கில் உண்டு, வெட்டுமரம் இல்லை. நாடும் காலமும் வேறாயினும் கோடு கிழிக்கப்பட்ட இடம் ஒன்றே.

நிற்கும் மரம் தடைசெய்யப்பட்டபின் எஞ்சியது பட்ட மரமும் விழுந்த மரமும். 1880களில் அவற்றை எடுக்க இசைவு தருவதும் நிறுத்துவதுமாக அரசு மாறிமாறி நடந்துகொண்டது. 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனை நிலைப்படுத்தியது. இத்தகைய சட்டத்தின் பயனை மினசோட்டாவின் ஓஜிப்வே நிலங்களில் காணலாம். நின்ற மரத்துக்குத் தீ வைத்துப் பட்ட மரமாக்கி அதனை மலிவு விலையில் வணிகர் கொண்டுசெல்லும் கேடு அங்கு மலிந்தது. சட்டம் எதனை விற்கலாம் என்கிறதோ அதுவாகவே காடு மாற்றப்படும் என்பதற்கு இது சான்று.

இரண்டு கோடிப் பலகையடி

மெனாமினியர் வரலாற்றில் திருப்பமாக அமைந்தது 1890 சூன் திங்களில் நிறைவேறிய சட்டம். நிற்கும் மரத்தை வெட்டவும், அதனைப் பழங்குடியினரே வெட்டவும் அது வழிசெய்தது. ஆண்டொன்றுக்கு இரண்டு கோடிப் பலகையடிக்கு மேல் வெட்டலாகாது என்னும் வரம்பையும் அது விதித்தது. மரம் ஏலத்தில் விற்கப்பட்டு, வருவாயின் பெரும்பகுதி பழங்குடியின் பெயரால் அரசுக் கருவூலத்தில் வட்டிக்கு வைக்கப்பட்டது.

அக்காலத்து வெட்டு முழுவதும் குளிர்காலத் தொழில். நிலம் உறைந்து பனி படிந்தபின் ஆடவர் காட்டினுள் கூடாரங்களில் தங்கினர். வெட்டிய அடிமரங்கள் பனிக்கட்டியாக்கப்பட்ட வழிகளில் சறுக்குவண்டிகளில் இழுத்துவரப்பட்டு ஆற்றங்கரையில் அடுக்கப்பட்டன. பனி உருகி ஆறு பெருகும்போது அவை மிதக்கவிடப்பட்டுத் தெற்கே, ஓஷ்காஷின் பெயரைத் தாங்கிய நகரத்தின் ஆலைகளை அடைந்தன. தம் தலைவரின் பெயரிட்ட ஊருக்கே தம் காட்டை அனுப்பிவைத்தனர் என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை. இம்முறையில் தண்ணீரில் மிதக்கும் பைன் மட்டுமே வெட்டத்தக்கதாயிற்று, கடினமரங்கள் தப்பின.

இவ்விடத்தில் ஓஷ்காஷின் பெயரால் வழங்கும் அறிவுரையைப் பற்றிக் கூறவேண்டும். ஞாயிறு எழும் திசையில் தொடங்கி விழும் திசை நோக்கி, முதிர்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் வீழ்ந்தவற்றையும் மட்டும் வெட்டிச் செல்லவேண்டும். எல்லையை அடைந்ததும் திரும்பி அவ்வாறே வெட்டிவர வேண்டும். அங்ஙனம் செய்யின் காடு என்றும் தீராது என்பது அதன் கருத்து. மெனாமினிக் காட்டைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இதனையே அடிப்படையாகக் கூறுவர். ஆயினும் வணிக நோக்கிலான வெட்டு தொடங்குவதற்கு முன்னரே ஓஷ்காஷ் மறைந்துவிட்டார். எனவே வாய்மொழி மரபாக வழங்கும் இவ்வறிவுரை, பின்னைத் தலைமுறையினர் தம் பட்டறிவைத் தலைவர் பெயரில் ஏற்றிச் சொன்னதாகவும் இருக்கலாம். அதனால் அதன் மதிப்புக் குறையாது. காட்டைப் பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவந்து, தேர்ந்த மரத்தை மட்டும் எடுக்கும் முறையை வனவியலார் தேர்வு வெட்டு என்பர். அம்முறையை நினைவில் நிற்கும் வடிவில் சொன்னது இவ்வறிவுரை.

அறிவுரையும் சட்ட வரம்பும் மட்டும் காட்டைக் காத்தன என்பது முழு உண்மையன்று. அவற்றினும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. அது நிலம் கூறுபோடப்படாமை. 1887ஆம் ஆண்டு டாஸ் சட்டம் பழங்குடியினரின் பொதுநிலத்தைத் தனியாட்களுக்குப் பிரித்துக்கொடுத்து, எஞ்சியதைக் குடியேறிகளுக்கு விற்க வழிசெய்தது. நாடு முழுவதும் 1887இல் 13 கோடியே 80 இலட்சம் ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934இல் 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராகச் சுருங்கியது. பங்கு பெற்றவர்களுள் பலர் கடனுக்கும் வரிக்கும் தம் துண்டை இழந்தனர். மரமுள்ள துண்டுகளே முதலில் போயின. மெனாமினியர் இப்பிரிவினைக்கு உடன்படவில்லை. நிலம் பொதுவாகவே நின்றது. நாற்பது ஏக்கரை உடைய ஒருவன் பதினைந்து ஆண்டு காத்திருந்து மரம் வெட்ட இயலாது. அவனது பசி அவ்வளவு காத்திராது. இரண்டேகால் இலட்சம் ஏக்கரைப் பொதுவில் உடைய ஒரு குடி, ஒரு மூலையில் வெட்டிக்கொண்டே மற்ற மூலைகளைக் காத்திருக்க வைக்கலாம். சுழற்சி என்பது பரப்பினால் இயல்வது. இதனை ஓஷ்காஷ் அறிவுரையில் வரும் நீண்ட நடையே குறிப்பாக உணர்த்துகிறது எனலாம்.

பிராண்டிஸ் வழிவந்த வனவியல்

1905 சூலையில் பெரும்புயல் ஒன்று காட்டின் ஒரு பகுதியை வீழ்த்தியது. ஏறத்தாழ நான்கு கோடிப் பலகையடி மரம் சாய்ந்தது. அதனை உரிய காலத்தில் எடுக்க இயலாமல் பெரும்பகுதி கெட்டது. ஆலை அண்மையில் இல்லாமையே காரணம் எனக் கருதப்பட்டது. விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபாலெட் முன்னின்று 1908 மார்ச்சில் நிறைவேற்றிய சட்டம், ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே ஆலை அமைக்கவும், முதிர்ந்த மரங்களை வனத்துறையினர் குறியிட்டபின் மட்டும் வெட்டவும், அத்தொழிலில் இயன்றவரை மெனாமினியரையே அமர்த்தவும் விதித்தது. நியோபிட் என்னும் ஊரும் அதன் மரஅறுவை ஆலையும் இங்ஙனம் தோன்றின.

அப்போது அமெரிக்க வனத்துறையின் தலைவராக இருந்தவர் கிஃபோர்டு பிஞ்சோ. இந்திய வனவரலாற்றை அறிந்தோர்க்கு இங்கு ஒரு தொடர்பு புலப்படும். பிஞ்சோ 1889இல் ஐரோப்பா சென்றபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ். பர்மாவின் பெகு தேக்குக் காடுகளில் 1856 முதல் பணியாற்றி, மரங்களைச் சுற்றளவு வகையாக எண்ணி, ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் எனக் கணக்கிட்டவர் அவர். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து வன ஆட்சியையும் ஆராய்ந்து பரிந்துரை அளித்தார். அவர் சொற்படியே பிஞ்சோ பிரான்சின் நான்சி வனவியல் பள்ளியில் பயின்றார். ஆகவே நியோபிட் காட்டில் மரத்தில் விழுந்த குறியீட்டுச் சுத்தியலின் வரலாறு பெகு வரை செல்வது. பெகுவிலும் சென்னை மாகாணத்திலும் கணக்கும் உரிமையும் அரசிடமே இருந்தன. மெனாமினி நிலத்தில் கணக்கு அரசிடமும் உரிமை குடியிடமும் இருந்தன. இவ்வேறுபாடு சிறிதன்று.

நற்சட்டம் நெடுநாள் நிற்கவில்லை. 1909இல் வனத்துறையுடனான கூட்டு முறிந்து, பொறுப்பு பழங்குடி விவகாரத் துறைக்கு மீண்டது. ஆலையோ ஆண்டு முழுவதும் இரை கேட்டது. முதிர்ந்தவற்றை மட்டும் தேடி எடுப்பது செலவு மிக்கது. இருப்புப்பாதைக் கிளை ஒன்றை இட்டு அதன் இருபுறமும் உள்ள அனைத்தையும் வெட்டுவது எளிது. 1926 வரை காட்டின் பல பகுதிகள் இவ்வாறு மொட்டையாக்கப்பட்டன. முன்பு மிதக்காமையால் தப்பிய மேப்பிளும் ஹெம்லாக்கும் இப்போது தப்பவில்லை. வெட்டுக்குப் பின் எழுந்த ஆஸ்பென் முதலிய மென்மரங்கள் அப்பகுதிகளை நெடுங்காலம் பிரித்துக் காட்டின.

மெனாமினியர் வழக்காடினர். 1935இல் அதற்கெனத் தனிச்சட்டம் பெற்று உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் முறையிட்டனர். காட்டைச் சட்டத்துக்கு மாறாக வெட்டியதற்காக அரசின்மீது ஒரு பழங்குடி தொடுத்த வழக்கு அது. 1951இல் 85 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இணக்கம் ஏற்பட்டது.

பங்கும் பத்திரமும் மனையும்

வெட்டுண்ட காட்டுக்காகப் பெற்ற இப்பணமே காடு முழுவதையும் இழக்கும் நிலைக்குக் கொண்டுசென்றது. பணத்தில் தலைக்கு 1,500 டாலர் பகிர்ந்தளிக்க மெனாமினியர் காங்கிரசை வேண்டினர். தம் பணத்தைத் தாம் பெறவும் காங்கிரசின் இசைவு தேவைப்பட்டது. யூட்டா மாநிலச் செனட்டர் ஆர்தர் வாட்கின்ஸ், அரசின் காப்புறவை முடித்துக்கொள்ள உடன்பட்டாலன்றிப் பணம் வாராது என்றார். 1953இல் நடந்த கூட்டத்தில் 169 பேர் உடன்பட்டும் ஐவர் மறுத்தும் வாக்களித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட குடியில் இவ்வளவே வாக்கு. வாக்களித்தோருள் பலர் தாம் பணப்பகிர்வுக்கே இசைவு தருவதாகக் கருதினர். 1954 சூனில் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டம் 1961 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. மெனாமினிப் பழங்குடி என்பது சட்டத்தின் பார்வையில் இல்லாமற்போயிற்று. ஒதுக்கீட்டு நிலம் விஸ்கான்சினின் 72ஆவது மாவட்டமாயிற்று.

காடு ஒரு நிறுமத்தின் சொத்தாயிற்று. ஒவ்வொரு மெனாமினியர்க்கும் அதில் 100 பங்குகளும் 3,000 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரம் ஒன்றும் கிடைத்தன. சிறார்தம் பங்குகளுக்கு உரிய வாக்கை ஒரு வங்கி செலுத்தியது. பாட்டன் காலம் முதல் குடியிருந்த மனையை நிறுமத்திடம் விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. பலர் அதற்குத் தம் பத்திரத்தையே கொடுத்தனர். நிலத்துக்கு முதன்முறையாக வரி விழுந்தது. கெஷேனா மருத்துவமனை மூடப்பட்டது. கருவூலத்தில் இருந்த பொதுப்பணம் சில ஆண்டுகளில் கரைந்தது.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நிலைபேறான விளைச்சல் என்னும் விதி இக்காலத்தும் நீக்கப்படவில்லை. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே அது காக்கப்பட்டது. மரத்தின் அளவுக்கு வரம்பு இருந்தது. ஆனால் நிலத்தை விற்பதற்கு வரம்பு இல்லை. வரிச்சுமை தாங்காத நிறுமம் 1960களின் இறுதியில் வெளியாருடன் கூட்டுச் சேர்ந்து, சிற்றேரிகளை அணையிட்டு ஒன்றாக்கி 'லெஜண்ட் ஏரி' எனப் பெயரிட்டு, கரையைச் சூழ மனைகள் பிரித்து விற்கத் தொடங்கியது. மரமறுப்பில் மிகுந்த ஒழுங்கும், மரம் நிற்கும் மண்ணில் ஒழுங்கின்மையும் ஒரே நிறுவனத்தில் ஒருங்கே இருந்தன. காட்டின் அளவைக் கணக்கிடும் அறிவியல் மட்டும் காட்டைக் காவாது என்பதற்கு இப்பன்னிரண்டு ஆண்டுகளினும் தெளிவான சான்று அரிது.

1970இல் 'டிரம்ஸ்' என்னும் இயக்கம் தோன்றியது. மனை விற்பனை அலுவலகத்தின் முன் மறியல் நடந்தது. 1971இல் மாநிலத் தலைநகர் மேடிசனை நோக்கி நடைப்பயணம் சென்றனர். வாஷிங்டனில் வாதாடும் பொறுப்பை ஏடா டியர் ஏற்றார். 1973 டிசம்பர் 22 அன்று நிக்சன் மீட்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1975இல் நிலம் மீண்டும் காப்புடைமையாயிற்று. விற்கப்பட்ட ஏரிக்கரை மனைகள் மட்டும் ஒரே நாளில் திரும்பவில்லை. ஏடா டியர் பின்னர் 1993 முதல் 1997 வரை பழங்குடி விவகாரத் துறையின் தலைமைப் பொறுப்பையே வகித்தார், 2023இல் மறைந்தார்.

மீட்சிக்குப் பின் காட்டுமுறை

மீட்சிக்குப் பின் அமைந்த பழங்குடித் தொழில் நிறுவனமே இன்று காட்டையும் ஆலையையும் நடத்துகிறது. அதன் முறையைச் சுருங்கக் கூறின், ஆலை காட்டைக் கேட்பதில்லை. காடு தருவதை ஆலை ஏற்கிறது. எந்த மரம் விலைபோகும் என்பது வெட்டுக்கு அளவுகோல் ஆவதில்லை. குறியிடுவோர் முதலில் தேடுவது கெட்ட மரத்தை: நோயுற்றது, வளைந்தது, வளர்ச்சி நின்றது. நல்ல மரம் வித்துக்காக நிற்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவர். 1950கள் முதல் நிலையான அளவைத் திட்டுகளில் அதே மரங்கள் மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டு வருகின்றன. ஆண்டு வெட்டு அக்கணக்கிலிருந்தே பெறப்படுகிறது.

எல்லா மரத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. நிழலில் முளைக்கும் சர்க்கரை மேப்பிளும் ஹெம்லாக்கும் உள்ள இடத்தில் ஒற்றை ஒற்றை மரமாக எடுப்பர். ஆஸ்பென் முழு வெயிலை வேண்டுவது; அதனைச் சிறு திட்டுகளாக முற்றும் வெட்டுவர், வேரிலிருந்தே அது மறுதாம்பு விடும். வெள்ளைப் பைன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பெருமரங்களைப் பாதி நிழல் தருமளவு விட்டு, தரையின் சருகைக் கிளறி மண்ணை வெளிக்காட்டினால் மேலிருந்து விழும் வித்து முளைக்கும். அப்பாதி நிழலே இளங்கன்றைத் தண்டுதுளைக்கும் வண்டிலிருந்தும் துருநோயிலிருந்தும் ஓரளவு காக்கிறது. கன்று போதிய அளவு எழுந்தபின் மேல்மரத்தை நீக்குவர். இயற்கை முளைப்பு தவறும் இடத்தில்தான் நாற்றங்காலில் வளர்த்த கன்றை நடுவர். நட்டு வளர்த்தல் என்றாலே வரிசை வரிசையான ஓரினத் தோப்பு என நினைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மெனாமினிக் காட்டில் நடுதல் துணைத்தொழில், முளைக்கவிடுதலே முதன்மை. முப்பதுக்கும் மேற்பட்ட மரவகைகள் அங்கு நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

முளைத்ததை மான் தின்னாமல் இருக்கவேண்டும் என்பது மற்றொரு கூறு. விஸ்கான்சினின் பிற காடுகளில் மான் பெருகி இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை. மெனாமினியரின் வேட்டை உரிமை காப்புறவு முடிந்ததோடு ஒழிந்தது என மாநிலம் வாதிட்டு, வேட்டையாடியோர்மீது வழக்குத் தொடுத்தது. 1968இல் உச்சநீதிமன்றம் 1854ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வேட்டையுரிமை அழியவில்லை எனத் தீர்த்தது. அத்தீர்ப்பைச் சட்ட வரலாற்றோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் 2018இல் வாலர், ரியோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, விஸ்கான்சின் பழங்குடிக் காடுகளில் மரங்கள் பெரியனவாகவும் பன்மை மிக்கனவாகவும் இளங்கன்றுகள் செழித்தும் இருப்பதைக் காட்டி, மான்தொகை அங்குக் குறைந்திருப்பதை அதனோடு இணைத்தது. வேட்டையுரிமை காட்டுரிமையின் புறத்தே நிற்பதன்று.

இக்காட்டைப் பொற்காலக் கதையாக எழுதுவோரும் உளர். அது பொருந்தாது. மெனாமினி மாவட்டம் இன்றும் மாநிலத்தின் வறிய மாவட்டங்களுள் ஒன்று. மரவருவாய் மட்டும் அக்குடிக்குப் போதவில்லை. 1980களின் இறுதி முதல் சூதாட்ட விடுதியும் வேலை தருகிறது. காட்டை விரைந்து வெட்டியிருந்தால் ஒரு தலைமுறைக்குப் பணம் பெருகியிருக்கும் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். 1953இன் 1,500 டாலரை நினைவுகூர்வோர்க்கு அது வெறும் கணக்கன்று.

2007 சூனில் சுழற்காற்று ஒன்று காட்டில் நீண்ட வடுவை ஏற்படுத்தியது. அண்மை ஆண்டுகளில் கருவாலியின் வாடல்நோய் மற்றொரு வகையில் காட்டைத் துளைத்துவருகிறது. வேர்வழிப் பரவும் அந்நோயைத் தடுக்க, நோயுற்ற மரங்களை அடிக்கட்டையோடும் அகற்ற நேர்கிறது. சிறிதும் பெரிதுமாக வெற்றிடங்கள் விழுகின்றன. அவ்வெற்றிடங்களில் கருவாலியை மீண்டும் நட இயலாது. ஆதலின் பழங்குடி வனத்துறையினரும் 1993இல் தொடங்கப்பெற்ற மெனாமினிக் கல்லூரியினரும் பல இனக் கன்றுகளைக் கலந்து நட்டு, வெம்மை மிகும் வருங்காலத்தில் அவற்றுள் எவை நிற்கின்றன என அளந்து வருகின்றனர்.